‘என்.எச்.எஸ்.ஸில் ஆள் இல்லை’ என்கிறார் ஏஜென்ட்: நம்பிக் கிளம்பலாமா?

தென் மாவட்டம் ஒன்றின் அரசுத் தலைமை மருத்துவமனையில், சீமாங் எனப்படும் பேறுகால அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் 29 வயதுச் செவிலியர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் அவர் கேட்டுக்கொண்டபடி தவிர்த்திருக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் தேறி, ஐந்து ஆண்டுகளாக ஒப்பந்த அடிப்படையில் மாதம் 18,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறார். கணவர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநர். நிரந்தர வேலை என்பதால் அதை விட்டு வர அவருக்கு மனமில்லை. நான்கு வயதில் ஒரு மகள். சில மாதங்களுக்கு முன்பு, 38 தாய்மார்களும் அவர்களுடைய பச்சிளங்குழந்தைகளும் இருந்த வார்டில் இரவுப் பணிக்கு இவரும் இன்னொரு செவிலியரும் மட்டும் இருந்திருக்கிறார்கள். உதிரப்போக்கு நிற்காத ஒரு தாயை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப நேர்ந்தபோது அந்த இன்னொருவரும் 108 ஆம்புலன்ஸில் ஏறிவிட, விடியும் வரை இவர் தனியாக நின்றிருக்கிறார். “அன்றைக்குத்தான் போய்விடுவது என்று முடிவு செய்தேன்” என்கிறார்.

அடுத்து ஏஜென்ட் வருகிறார். “இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் நர்சுகளே இல்லை, எப்படியாவது உள்ளே போய்விட்டால் போதும், முதலில் கேர் அசிஸ்டென்ட் விசாவில் போங்கள், அங்கே போய் நர்சாக மாறிக்கொள்ளலாம், மாதம் மூன்று லட்சம் கைக்கு வரும், ஐந்து ஆண்டில் குடியுரிமை” என்று அவர் சொல்லியிருக்கிறார். இதற்குக் கட்டணம் 6 லட்சம். 50,000 ரூபாயை முன்பணமாகவும், அசல் மதிப்பெண் சான்றிதழ்களை ‘சரிபார்ப்புக்காகவும்’ வாங்கி வைத்திருக்கிறார். மீதிப் பணத்துக்கு நகையை அடகு வைக்கும் எண்ணத்தில் இருக்கும் சகோதரி மூன்று கேள்விகள் கேட்கிறார்: இந்த வழி சரியா, ராஜினாமா கடிதத்தை இப்போதே கொடுத்துவிடலாமா, குழந்தையைப் பிறகு அழைத்துக்கொள்ள முடியுமா. கடைசி வரியில், கேள்விக்குறி கூட இல்லாமல் ஒன்றை எழுதியிருக்கிறார்: “எங்கள் வார்டை இப்படி விட்டுப் போவது தப்பு என்று அம்மா சொல்கிறார்.”

அன்புள்ள சகோதரிக்கு,

நான் குடியேற்றச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர். உங்களைப் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, எண்ணமும் இல்லை. ஆனால் நீங்கள் போக நினைக்கும் ஊரும் ஏஜென்ட் உங்களுக்கு விவரித்த ஊரும் ஒன்றல்ல என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

பற்றாக்குறை வேறு, காலியிடம் வேறு

உங்கள் வார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆள் பற்றாக்குறை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? இருந்தும் ஐந்து ஆண்டுகளாக உங்களை நிரந்தரமாக்கவில்லை. வேலைக்கு ஆள் தேவைப்படுவதும், அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க ஒருவர் பணம் ஒதுக்குவதும் தனித்தனிச் செயல்கள் என்பது உங்கள் சம்பளப் பட்டியலிலேயே தெரிகிறது. இங்கிலாந்தின் கதையும் இதுதான்; அளவுதான் பெரிது.

1948 ஜூலை 5 அன்று தொடங்கப்பட்ட நாளிலிருந்தே என்.எச்.எஸ். தன் நாட்டில் பயிற்சி பெற்றவர்களை மட்டும் வைத்து ஓடியதில்லை. அயர்லாந்திலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் பின்னர் பிலிப்பைன்ஸிலிருந்தும் கேரளத்திலிருந்தும் செவிலியர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு செவிலியரை உருவாக்க மூன்று ஆண்டுப் படிப்பு வேண்டும்; வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் சில மாதங்கள் போதும், படிப்புச் செலவும் வேறொரு நாட்டின் கணக்கில் போய்விடும். இந்தச் சௌகரியம் பழகிவிட்டதால்தான், 2017இல் இங்கிலாந்தில் செவிலியர் மாணவர்களுக்கான உதவித்தொகையை நிறுத்திவிட்டு அவர்களைக் கல்விக் கடனுக்குத் தள்ள ஓர் அரசால் முடிந்தது. (ஆண்டுக்கு 5,000 பவுண்ட் உதவித்தொகையை 2020இல் மறுபடி கொண்டுவந்தார்கள், கல்விக் கட்டணக் கடன் அப்படியே இருக்கிறது.) அதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் முடிவும், ஆங்கிலத் தேர்வுக் கட்டாயமும் சேர்ந்துகொண்டன. ஐரோப்பாவிலிருந்து வந்து புதிதாகப் பதிவு செய்த செவிலியர், மருத்துவச்சிகளின் எண்ணிக்கை 2015-16இல் 9,389 ஆக இருந்தது, 2017-18இல் 805 ஆகச் சரிந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் இந்தியாவின் பக்கம் பெரிய அளவில் திரும்பினார்கள். 2020 ஆகஸ்டில் மருத்துவத் துறையினருக்கென்றே கட்டணம் குறைந்த தனி விசாவும் வந்தது. உங்களுக்கு முன்னால் போன தோழிகள் ‘போனவுடன் வேலை’ என்று சொல்வது அந்த ஆண்டுகளின் அனுபவம். அது பொய்யல்ல, ஆனால் பழையது.

இங்கிலாந்தில் செவிலியர் காலியிடங்கள் 2022 செப்டம்பரில் ஏறத்தாழ 47,000 ஆக இருந்தன; அதன் பிறகு பெருமளவு குறைந்துவிட்டன. நோயாளிகள் குறைந்து இது நடக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து நிறையப் பேரைச் சேர்த்தாகிவிட்டது. அதற்குள் மருத்துவமனை நிர்வாகங்களான டிரஸ்ட்களின் கையில் பணமும் தீர்ந்தது. வார்டில் ஆள் போதவில்லை என்று செவிலியர் சங்கங்கள் முறையிட்டுக்கொண்டிருக்கும்போதே பல டிரஸ்ட்கள் புதிய நியமனங்களை நிறுத்தி வைத்தன. நிலைமை எந்த அளவுக்குப் போனது என்றால், அங்கேயே படித்துத் தேறிய இளம் செவிலியர்களுக்கு வேலை கிடைக்காமல், 2025 ஆகஸ்டில் அவர்களுக்கு வேலை உறுதி என்று அரசே தனித் திட்டம் அறிவிக்க வேண்டியதாயிற்று. வெளிநாட்டில் படித்துப் புதிதாகப் பதிவு செய்வோரின் எண்ணிக்கை ஓராண்டுக்குள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2035க்குள் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதைப் பத்து விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவருவோம் என்று 2025 ஜூலையில் வெளியான பத்தாண்டு மருத்துவத் திட்டம் எழுத்திலேயே சொல்கிறது. கதவு அடைபடவில்லை, அனுபவமும் தகுதியும் உள்ளவர்களுக்கு, குறிப்பாகச் சில சிறப்புப் பிரிவுகளில், இன்னும் வாய்ப்பு உண்டு. ‘எப்படியாவது உள்ளே போய்விட்டால் போதும்’ என்ற காலம் முடிந்துவிட்டது, அவ்வளவே.

அந்த ‘கேர்’ விசா இப்போது இல்லை

இதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் பராமரிப்புப் பணி செய்வோருக்கான விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் வழி 2025 ஜூலை 22 அன்று மூடப்பட்டுவிட்டது. சீனியர் கேரர் என்ற பெயரில் வந்தாலும் இதே கதிதான். அதற்கு முன்பே, 2024 மார்ச் 11 முதல், அந்த விசாவில் போவோர் கணவரையோ குழந்தையையோ அழைத்துச் செல்வதும் தடுக்கப்பட்டிருந்தது. ஆக, உங்கள் ஏஜென்ட் விற்பது ஒன்று இல்லாத பொருள், அல்லது போலிப் பொருள். உங்களைச் செவிலியர் அல்லாத வேறு ஏதோ வேலைப் பெயரில், உண்மையில் இல்லாத ஒரு பணியிடத்துக்கான ஸ்பான்சர்ஷிப் சான்றிதழோடு (விசாவுக்காக வேலை கொடுப்பவர் தரும் சான்று) அனுப்பப் பார்க்கிறாரோ என்பதே என் சந்தேகம். அப்படி நடந்து கண்டுபிடிக்கப்பட்டால் விசா மறுப்போடு முடியாது. ஏமாற்று விண்ணப்பம் என்று முடிவானால் பத்து ஆண்டுகள் வரை நுழைவுத் தடை விழலாம். நாளைக்கு நேர்வழியில் செவிலியராகப் போகும் வாய்ப்பும் அதோடு போய்விடும்.

கேர் விசா திறந்திருந்த காலத்திலும் அது நல்ல வழியாக இருக்கவில்லை. 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமத்தைப் பிரிட்டிஷ் உள்துறை ரத்து செய்தது. உரிமம் போனால் தொழிலாளியின் விசாவும் ஆட்டம் காணும். உள்துறையின் கடிதம் வந்த பிறகு வேறு ஸ்பான்சரைத் தேடப் பொதுவாக 60 நாள்தான் கிடைக்கும். கேரள, தமிழ்நாட்டுச் செவிலியர்கள் பலர் இப்படி மாட்டிக்கொண்டு, படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலையில், வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பதை என் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

கட்டணத்துக்கு வருகிறேன். வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடமே பணம் வாங்குவது பிரிட்டனில் 1973ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு முகமைச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. என்.எச்.எஸ். டிரஸ்ட்களுக்கு ஆள் எடுத்துத் தரும் முகமைகளுக்கான நடத்தை விதிகளும் அதையே சொல்கின்றன. முகமைக்கான கூலியை டிரஸ்ட்தான் கொடுக்கும். இந்தியாவில், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். உங்களிடம் கேட்பது அதைப்போல இருபது மடங்கு. ‘எல்லோரும் கொடுக்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் கொடுப்பதில்லை, சகோதரி. டிரஸ்ட்கள் நேரடியாக எடுத்த செவிலியர்கள் பலர் விமானச் சீட்டுக்குக்கூடத் தம் கையிலிருந்து கொடுக்காமல் போயிருக்கிறார்கள்.

நேர்வழி எப்படிப் போகும்

இங்கிலாந்தில் செவிலியராக வேலை செய்ய அந்நாட்டின் செவிலியர், மருத்துவச்சியர் மன்றமான என்.எம்.சி.யில் பதிவு வேண்டும். அதற்கான படிகளில் பெரும்பாலானவற்றை நீங்கள் இப்போதைய வேலையில் இருந்துகொண்டே முடித்துவிடலாம் என்பதுதான் நீங்கள் மனதில் வைக்க வேண்டிய செய்தி.

முதலில் ஆங்கிலம். பொது ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் கேட்டல், வாசித்தல், பேசுதலில் 7ம் எழுதுதலில் 6.5ம் வேண்டும், மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. என்றால் முதல் மூன்றில் ‘பி’யும் எழுதுதலில் ‘சி பிளஸ்’ஸும். ஆங்கில வழியில் படித்த பட்டமே போதும் என்று நீங்கள் நினைத்திருப்பது சரியல்ல. பெரும்பான்மையோர் ஆங்கிலம் பேசும் நாடாக என்.எம்.சி. இந்தியாவைக் கணக்கில் எடுப்பதில்லை. வார்டு மொழியிலேயே கேள்விகள் வருவதால் செவிலியர்களுக்கு ஓ.இ.டி. எளிதாக இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். அடுத்தது சி.பி.டி. என்னும் கணினித் தேர்வு: மருந்தளவுக் கணக்குகள் 15, செவிலியக் கேள்விகள் 100. இதைச் சென்னையிலேயே எழுதலாம். கட்டணம் 83 பவுண்ட். ‘ஆளை வைத்து எழுதித் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். நைஜீரியாவின் இபாடான் நகரில் இருந்த ஒரு தேர்வு மையத்தில் நடந்த மோசடி 2023இல் வெளிவந்தபோது, ஏற்கெனவே பிரிட்டனுக்குப் போய் வேலையில் இருந்தவர்களின் பதிவு வரை விசாரணை நீண்டது.

இவை கையில் இருந்தால், டிரஸ்டின் நேர்காணலில் நீங்கள் வேறு ஆளாகத் தெரிவீர்கள். வேலை உறுதியானால் டிரஸ்டே ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் கொடுக்கும்; அதற்கான கட்டணத்தை உங்கள் தலையில் கட்டக் கூடாது. அங்கே போன பிறகு ஆஸ்கி என்னும் செய்முறைத் தேர்வு, பத்து நிலையங்களில்; ஒவ்வொன்றிலும் ஒரு பணியைச் செய்து காட்ட வேண்டும். வேலையில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முதல் முயற்சியும், எட்டு மாதத்துக்குள் பதிவும் முடிய வேண்டும் என்பது விசா விதி. அதுவரை ‘பேண்ட்’ எனப்படும் என்.எச்.எஸ். சம்பளப் படிகளில் கீழ்ப்படிச் சம்பளம்தான். பதிவு எண் வந்த பிறகுதான் செவிலியருக்கான பேண்ட் 5.

ஆஸ்கியில் தோற்பவர்கள் பெரும்பாலும் தெரியாமல் தோற்பதில்லை. பதினோரு ஆண்டு அனுபவமுள்ள ஒரு செவிலியர் என்னிடம் சொன்னது: மருந்து கொடுக்கும் நிலையத்தில், நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தார், மருந்து அட்டையைப் பார்த்தார், மாத்திரையைச் சரியாக எடுத்தார், ‘ஏதாவது ஒவ்வாமை உண்டா’ என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காக நிலையம் போயிற்று. 38 படுக்கைக்கு இருவர் என்று நிற்கும் வார்டில் நாம் இந்தக் கேள்விகளையெல்லாம் மனதுக்குள்ளேயே கேட்டு முடித்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தை இங்கேயே, இப்போதே உடைக்கத் தொடங்குங்கள். உங்கள் தாய்மார்களுக்கும் அது நல்லது.

தேடும் இடத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். தனியார் முகமை என்றால் இரண்டு பட்டியல்களில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்: இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உள்ள பதிவு பெற்ற முகவர் பட்டியல், இங்கிலாந்தில் என்.எச்.எஸ். எம்ப்ளாயர்ஸ் வெளியிடும் நெறிசார் முகமைகள் பட்டியல். பணி ஒப்பந்தம் வந்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவு இருக்கும். அது சட்டவிரோதமல்ல. ஆனால் எந்தச் செலவு, எவ்வளவு தொகை என்று அதில் பட்டியலிட்டிருக்க வேண்டும். நீங்கள் வேலை பார்த்த காலத்துக்கு ஏற்பத் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும்.

சம்பளக் கணக்கும் ஐந்து ஆண்டுக் கணக்கும்

2025-26இல் பேண்ட் 5இன் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 31,049 பவுண்ட். ஏஜென்ட் சொன்ன மூன்று லட்சம் இதைப் பன்னிரண்டால் வகுத்து ரூபாயாக்கிய தொகை. வருமான வரி, தேசியக் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு மூன்றும் போக மாதம் 2,000 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் கைக்கு வரும். பல ஊர்களில் வாடகை அதில் பாதி வரை விழுங்கிவிடும். அப்படியும் உங்கள் 18,000 ரூபாயோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகைதான். அதை நான் மறைக்கவில்லை.

ஐந்து ஆண்டில் கிடைப்பது குடியுரிமை அல்ல, நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி. குடியுரிமை அதற்கும் அடுத்த படி. அந்த ஐந்தைப் பொதுவாகப் பத்தாக உயர்த்தப் பிரிட்டிஷ் அரசு 2025இல் முன்மொழிந்தது. அவ்வாண்டு நவம்பரில் விரிவாக வெளியிட்டபோது, என்.எச்.எஸ். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஐந்தே இருக்கும் என்றது. பராமரிப்புப் பணியாளர் போன்றோருக்குப் பதினைந்து என்றது. கேர் விசாவைக் குறுக்குவழி என்று உங்களிடம் சொன்னவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லலாம்.

மகள்

கடிதத்தில் ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள்: “நான் முதலில் போய், ஆறு மாதத்தில் குழந்தையை மட்டும் அழைத்துக்கொள்வேன், அவர் சம்மதக் கடிதம் கொடுப்பார்.” உங்கள் திட்டம் உடையக்கூடிய இடம் இதுதான். செவிலியர் விசாவில் கணவரையும் குழந்தையையும் அழைத்துச் செல்ல உரிமை உண்டு. கணவர் அங்கே ஏறக்குறைய எந்த வேலையும் பார்க்கலாம். ஆனால் குழந்தையை மட்டும் அழைப்பது வேறு. பொது விதிப்படி, பெற்றோர் இருவரும் பிரிட்டனில் இருக்க வேண்டும் அல்லது சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். ஒரே பெற்றோராகக் குழந்தையின் முழுப் பொறுப்பும் உங்களிடமே இருப்பதாகவோ, தவிர்க்க முடியாத வலுவான காரணம் இருப்பதாகவோ மெய்ப்பித்தால்தான் விதிவிலக்கு. கணவர் ஊரிலேயே, நல்லுறவோடு, மகளைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது இவற்றில் எதையும் உங்களால் நேர்மையாகச் சொல்ல முடியாது. நோட்டரி கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் அந்த இடத்தை நிரப்பாது.

விசா கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், வார்டில் ஒரு ‘லாங் டே’ என்பது காலை ஏழரைக்குத் தொடங்கி இரவு எட்டு மணி வரை நீளும். அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, ஆனால் பள்ளி பிற்பகல் மூன்றரை மணிவாக்கில் விட்டுவிடும். இரவுப் பணியில் ஐந்து வயதுக் குழந்தையோடு யார் இருப்பார்? மாமியார் வந்து தங்கலாம் என்கிறீர்கள். பார்வையாளர் விசா ஒரு பயணத்துக்கு ஆறு மாதம்தான். பேரக்குழந்தையை வளர்க்கவே வருகிறார் என்று தெரிந்தால் அதுவும் மறுக்கப்படலாம். ஆகவே முடிவு உங்களுடையது மட்டுமல்ல. உங்கள் கணவரும் வருவதா, அல்லது மகள் அவரோடு ஊரிலேயே வளர்ந்து நீங்கள் சில ஆண்டுகள் விடுப்பில் வந்து போவதா என்பதைப் பயணத்துக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். போக்குவரத்துக் கழக வேலையை அவர் விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். விடமாட்டார் என்பதை அவர் வாயால் தெளிவாகக் கேட்டுக்கொண்ட பிறகு கிளம்புவது வேறு, போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புவது வேறு.

ராஜினாமா

வேண்டாம், இப்போது வேண்டாம். ஒப்பந்தச் செவிலியர்கள் காலியிடம் ஏற்பட ஏற்பட மூப்பு வரிசைப்படி காலமுறை ஊதியத்துக்குள், அதாவது நிரந்தரப் பணிக்குள், வருகிறார்கள். ஐந்து ஆண்டு காத்திருந்த இடத்தை ஒரு வாய்வார்த்தையை நம்பி விட்டுவிடாதீர்கள். வரிசையில் உங்கள் எண் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்வது இந்த முடிவுக்கே உதவும். விசா உறுதியாகக் கிடைத்த பிறகு, நியமன ஆணையில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பார்த்து, அதன்படி எழுதிக் கொடுங்கள். அனுபவச் சான்றிதழை மட்டும், அலுவலகத்தில் நல்லுறவு இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். அதில் ‘செவிலியர்’ என்பதோடு எந்தப் பிரிவு என்பதும் இருக்கட்டும். பேறுகால அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஐந்து ஆண்டு என்பது நேர்காணலில் எடுத்துச் சொல்லத்தக்க தகுதி. தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் உங்கள் பதிவு நடப்பில் இருப்பதும் அவசியம்.

அம்மா சொன்னதைப் பற்றியும் எழுத வேண்டும். ஏழை நாடுகளின் மருத்துவமனைகளைக் காலி செய்துவிடக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் ஒரு நெறிமுறையை ஏற்றது. அந்த நெறிமுறையும் கட்டுப்பாட்டை அரசுகள் மீதும் ஆள் எடுப்போர் மீதும்தான் வைக்கிறது; புலம்பெயரும் செவிலியரின் உரிமையைக் கட்டுப்படுத்தவில்லை. பாதுகாக்கப்பட வேண்டிய நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அன்றிரவு அத்தனை தாய்மார்களுக்கும் ஒரே ஒரு செவிலியர் நின்றதற்குப் பொறுப்பு, நின்றவருடையது அல்ல. உங்கள் அம்மாவின் கவலையை நான் மதிக்கிறேன். அதை அவர் சொல்ல வேண்டிய முகவரி உங்கள் வீடு இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது

நகை பீரோவிலேயே இருக்கட்டும். ஏஜென்ட்டுக்கு, பேசாமல், எழுத்தில் அனுப்புங்கள்: “என் அசல் சான்றிதழ்களையும் 50,000 ரூபாயையும் ஏழு நாளுக்குள் திருப்பித் தரவும்.” இதுவரை வந்த வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள், பணம் அனுப்பிய விவரம் எதையும் அழிக்காமல் வேறொரு போனிலும் சேமித்து வையுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அதே கடிதத்தை, போய்ச் சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். ஏழு நாளில் பதில் இல்லையென்றால், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும், உங்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒரே புகாரை நகலோடு கொடுங்கள். பதிவு பெறாத முகவராக இருந்தால் ஆள் சேர்ப்பதே குற்றம் என்பதால் காவல்துறையால் இதை வெறும் கொடுக்கல் வாங்கல் என்று ஒதுக்க முடியாது. பணம் வரத் தாமதமாகலாம். சான்றிதழ்களை முதலில் கேளுங்கள். அவை இல்லாமல் எந்த இடத்திலும் உங்கள் படிப்பை மெய்ப்பிப்பது கடினம்.